நாவலிலிருந்து எடுத்த நோன்பு: சிங்கப்பூர்த் தாதி ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த, நாற்பதை நெருங்கும் ஒரு தமிழ்ப் பெண், மருத்துவமனைத் தாதி, தன் அன்றாட ஆன்மிகப் பழக்கங்களை ஓர் ஆங்கில நாவலிலிருந்து எடுத்துக்கொண்டார். அவை அவருக்குச் சில வருடங்கள் நன்றாகத் துணை நின்றன. அப்பா இறந்தபோது அவற்றில் ஒரு பகுதி உடைந்துபோனது, மற்றவை நிலைத்தன. எது நிலைத்தது, எது உடைந்தது, ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வட்டார நூலகம் ஒன்றில் மாதம் ஒருமுறை கூடும் சின்ன வாசிப்புக் குழுவை நடத்துகிறேன். அந்தக் குழு வழியாகத்தான் அவரைத் தெரியும். நான் மனநல ஆலோசகர் இல்லை, சமய அறிஞரும் இல்லை. ஆனால் ஒரு புத்தகம் ஒரு மனிதருக்குள் போய் என்ன செய்கிறது என்று கவனிப்பதுதான் வாழ்நாள் முழுக்க நான் பார்த்த வேலை. இந்தக் கட்டுரையை அவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

குடும்பம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில், வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுபவர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், தைப்பூசத்துக்குப் பல வருடம் பால்குடம் எடுத்தவர். மகள் சிறுவயதில் தேவாரம் படித்து, ஒப்பித்தல் போட்டிகளில் பரிசும் வாங்கியிருக்கிறார். இருபதுகளில் ஒரு விலகல் வந்தது. யாரோடும் சண்டை இல்லை, நாத்திகமும் இல்லை. மூன்று ஷிஃப்டு வேலை. கோயில் வரிசையில் நின்றால் தூக்கம் வருகிறது, சந்நிதி முன்னால் நின்றால் அடுத்த நாள் ட்யூட்டி நினைவுக்கு வருகிறது என்றார். வீட்டில் கேட்டால் "கும்பிட்டேன்மா" என்று சொல்லிவிடுவார்.

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 20.0 விழுக்காட்டினர் சமயம் இல்லை என்று பதிவு செய்தார்கள். 2010இல் அது 17.0 விழுக்காடு. இவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். படிவத்தில் அவர் இந்துதான், இன்றைக்கும் இந்துதான். இவரைப் போன்றவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாகத் தெரியமாட்டார்கள். ஒரு நிகழ்வை முழுதாக எழுதி வைப்பது அதனாலும் அவசியம் என்று நினைக்கிறேன்.

புத்தகம் அவர் கைக்கு 2020இல் வந்தது. கொவிட் பரவலால் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊரே வீட்டோடு இருந்த அந்த 'சர்க்கிட் பிரேக்கர்' காலம். இவருக்கு மட்டும் வீடு கிடையாது, வார்டுதான். உறவினர்கள் உள்ளே வரமுடியாததால் நோயாளிகள் திரையில் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசினார்கள். சிலர் பேச முடியாமலேயே போனார்கள். அந்த நாட்களில் அக்கா மகன் வீட்டில் விட்டுப்போன ஒரு நாவலைத் தூக்கம் வராத பகல் ஒன்றில் எடுத்திருக்கிறார். உர்சுலா கே. லெ குவின் 1968இல் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. இளையர்களுக்கான கற்பனை நாவல், மந்திரவாதிகளும் டிராகன்களும் வரும் கதை. எர்த்சீ என்ற கற்பனைத் தீவுக்கூட்டத்தில் பிறந்த கெட் என்ற ஏழைப் பையன் மந்திரம் கற்கப் போகிறான். அகங்காரத்தில் ஒரு சக மாணவனோடு போட்டி போட்டு, இறந்தோர் உலகிலிருந்து ஒரு நிழலை அவிழ்த்து விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. மேலோட்டமான கதை இவ்வளவுதான்.

எடுத்துக்கொண்டவை

அவரைப் பிடித்துக்கொண்டது நிழல் இல்லை. முதல் ஆசானாக வரும் ஓகியன். அவர் அதிகம் பேசமாட்டார். பையனைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடக்கிறார், நாட்கள் போகின்றன, ஒரு மந்திரமும் சொல்லித் தரவில்லை. பாடம் எப்போது தொடங்கும் என்று பையன் கேட்க, தொடங்கிவிட்டதே என்கிறார். வழியோரம் ஒரு களைச் செடி. இதனால் என்ன பயன் என்கிறான் பையன். தனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்கிறார் ஆசான். அந்தச் செடியை எல்லாப் பருவத்திலும், வேர், இலை, பூ, மணம், விதை எல்லாவற்றோடும் அறிந்த பிறகுதான் அதன் மெய்ப்பெயரை அறியலாம், அது பயனை விடப் பெரியது என்கிறார்.

இவர் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார். புளோக்குக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் நிற்கும் டெம்புசு. சிங்கப்பூரின் 5 வெள்ளி நோட்டில் பூமலைத் தாவரவியல் பூங்காவின் மரம் ஒன்று அச்சாகியிருக்கிறதே, அதே இனம். வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ அதன் அடியில் கொஞ்ச நேரம் நிற்பது. போன் கையில் இருக்கக்கூடாது. அன்றைக்கு மரத்தில் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு விஷயமாவது கண்டுபிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் பருவமே கிடையாது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அவர் அதை இனி ஒத்துக்கொள்ளமாட்டார். டெம்புசு வழக்கமாக வருடத்தில் இரண்டு தடவை பூக்கிறது. வெள்ளையாகத் திறந்து மஞ்சளாகப் பழுக்கும் பூ, சாயங்காலத்தில்தான் வாசனை எழும்பும். அப்புறம் சின்னச் சிவப்புக் காய்கள், அவற்றைத் தின்ன வௌவால்கள். பட்டை ஆழமாக வெடித்து விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். இத்தனையும் இரவு ஷிஃப்டு முடிந்து வந்த ஒரு பெண் நின்று பார்த்துச் சேர்த்த அறிவு. எங்கள் குழுவில் முதல் தடவை இதை அவர் விவரித்தபோது, அதே மரங்களின் கீழ் முப்பது நாற்பது வருடம் நடந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இரண்டாவது, பெயர். அந்தக் கதை உலகில் ஒவ்வொருவருக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை யாருக்கும் எளிதில் சொல்லமாட்டார்கள். சொன்னால் உயிரையே கையில் கொடுத்ததுபோல. ரோக் தீவு மந்திரப் பள்ளியில் மாணவர்கள் தனிக் கோபுரத்தில் உட்கார்ந்து நீளமான பெயர்ப் பட்டியல்களை மனனம் செய்கிறார்கள், வேறு வித்தை கிடையாது. வார்டில் இவர் தினமும் செய்வதும் பெயர் படிப்பதுதான். மருந்து கொடுக்கும் முன் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்ப்பது விதிமுறை. அவசரத்தில் அது ஒரு கட்டத்தை டிக் செய்வதாகவே ஆகிவிடும். ஷிஃப்டு மாறி அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர் சமயத்தில் "பெட் பன்னிரண்டு, இடுப்பெலும்பு முறிவு" என்று எண்ணும் நோயும்தான் ஆளாகிவிடும்.

அவர் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டார். ஷிஃப்டு தொடங்கும்போது தன் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லி, அந்தப் பெயர் அவர் வீட்டில் எப்படி ஒலிக்குமோ அப்படிச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இது சிங்கப்பூரில் லேசான வேலை இல்லை. ஒரே சீனக் குடும்பப் பெயர் ஹொக்கியன் வீட்டில் 'டான்', கான்டனீஸ் வீட்டில் 'சான்', மாண்டரினில் 'சென்'. தமிழ் ஆண்களை அப்பா பெயரால் கூப்பிட்டுவிடுவார்கள். வயதான தியோச்சியூச் சீனப் பாட்டி ஒருவர், பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் வேறு, அம்மா கூப்பிட்ட பெயர் வேறு என்று சொல்லி, அம்மா கூப்பிட்ட பெயரை இவருக்குக் கற்றுக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அந்தப் பாட்டி இவர் கையால் மட்டும் மருந்து வாங்கிக்கொண்டார்.

இதில் சடங்கு எங்கே, ஆன்மிகம் எங்கே என்று கேட்கலாம். நல்ல தாதிகள் யார் சொல்லாமலும் இதைச் செய்வார்கள். உண்மை. ஆனால் அவர் இதை நல்ல நடத்தை என்று செய்யவில்லை, வழிபாடாகச் செய்தார். பெயரைச் சொல்லும் முன் ஒரு மூச்சு நிறுத்துவார். சொன்ன பிறகு அந்த முகத்தைப் பார்ப்பார். ஒரு நாள் தவறினால் மனசு உறுத்தும், அடுத்த நாள் சரிசெய்வார். செயல் இருக்கிறது, முறை இருக்கிறது, தவறினால் உறுத்தல் இருக்கிறது. இதை நோன்பு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு விதி. கெட் பின்னர் ஒரு தீவில் ஊர் மந்திரவாதியாக இருக்கும்போது, நண்பனின் குழந்தை காய்ச்சலில் சாகக் கிடக்கிறது. பள்ளியில் மூலிகை ஆசான் கற்றுத் தந்த முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: காயத்தை ஆற்று, நோயைக் குணப்படுத்து, போகிற உயிரைப் போகவிடு. அன்பின் வேகத்தில் கெட் அதை மீறிக் குழந்தையின் பின்னால் போகிறான். அங்கேதான் நிழல் அவனுக்காகக் காத்திருக்கிறது. ஒரு தாதி இந்தப் பக்கத்தை எப்படி வாசித்திருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2020இல் அவர் பார்த்த மரணங்கள் எல்லாவற்றையும் தன் தோல்வியாகச் சுமந்துகொண்டிருந்தார். இந்த ஒரு வாக்கியம் அந்தச் சுமையில் பாதியை இறக்கியது என்றார்.

நிழல் விஷயம் கடைசியாகத்தான் வந்தது. ஓடி ஓடிக் களைத்த கெட்டிடம் ஓகியன் திரும்பி நில், துரத்துகிறதைத் துரத்து என்கிறார். இவரைத் துரத்தியது அப்பா. திருமணப் பேச்சு ஒன்றில் வந்த மனத்தாங்கலில் அப்பாவும் மகளும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். இவர் தனி வீடு எடுத்துப் போய்விட்டார், அப்பா இல்லாத நேரம் பார்த்துத்தான் அம்மாவைப் பார்க்க வருவார். 2022இல் எங்கள் குழுவுக்கு வர ஆரம்பித்த சமயம், ஞாயிறு காலைகளில் ஈசூனுக்குப் போய், அப்பா இருக்கும்போதே உட்கார்வது என்று முடிவு செய்தார். பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வைத்துக்கொள்ளவில்லை. முதல் சில வாரங்கள் தொலைக்காட்சிதான் பேசியது. அப்புறம் அப்பா ஒரு நாள் கீழே கோப்பிக் கடைக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். அதோடு சரியாகிவிட்டது. பெரிய மன்னிப்புக் காட்சி ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் சில விஷயங்களை எடுத்துப் பார்த்து விட்டுவிட்டார். தனக்கு ஒரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டது, நாவலில் இருக்கும் தீவு வரைபடத்துக்கு முன் விளக்கேற்றியது. இரண்டும் சில மாதத்தில் தாமாகவே நின்றுபோயின. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். அவர் திட்டவில்லை. சரசுவதி பூஜை அன்று வீட்டுப் புத்தகங்களோடு அந்த ஆங்கில நாவலையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். என்னைக் கேட்டால் இந்த நிகழ்விலேயே மிகத் தெளிவாக நடந்துகொண்டவர் அந்த அம்மாதான்.

இது புதிதா?

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் ஹைன்லைன் 1961இல் வெளியிட்ட அறிவியல் புனைகதை நாவலைப் படித்த கல்லூரி மாணவர்கள் இருவர், அதில் வரும் தண்ணீர் பகிரும் சடங்கை 1962இல் தங்களுக்குள் செய்தார்கள். அது 'சர்ச் ஆஃப் ஆல் வேர்ல்ட்ஸ்' என்ற சமய அமைப்பாக வளர்ந்தது. 2001இல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,90,127 பேர் தங்கள் சமயம் 'ஜெடை' என்று எழுதினார்கள். 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் வீரத் துறவிகளின் பெயர் அது. பெரும்பாலோர் வேடிக்கையாக எழுதினாலும் உண்மையாகவே பின்பற்றுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஓர் அமைப்புக்கு அறநிறுவனத் தகுதி தர அங்கே உள்ள அறநிறுவன ஆணையம் 2016இல் மறுத்தது. மார்க்கஸ் ஆல்டெனா டேவிட்சன் என்ற ஆய்வாளர் இத்தகையவற்றுக்குப் 'புனைகதை சார்ந்த சமயம்' என்று தனி வகையே வகுத்து, அதை ரசிகர் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டியிருக்கிறார். ரசிகர் கதையோடு விளையாடுகிறார், சமயமாகக் கொள்பவர் கதை சொல்வதை நிஜ உலகைப் பற்றியதாக எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் வைக்கும் கோடு.

இவரை அந்தக் கோட்டின் எந்தப் பக்கமும் வைக்க முடியவில்லை. எர்த்சீ எங்கோ இருக்கிறது என்று அவர் நம்பியதே இல்லை. விளையாடவும் இல்லை. இவருக்கு நெருக்கமான முன்மாதிரி 2016இல் தொடங்கிய ஓர் அமெரிக்க வலையொலி (பாட்காஸ்ட்). ஹார்வர்ட் இறையியல் பள்ளியில் படித்த இருவர் 'ஹாரி பாட்டர்' நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாக, கிறிஸ்துவத் துறவியர் வேதத்தை வாசிக்கும் நிதான முறையில் வாசித்தார்கள். புத்தகம் புனிதம் என்று அவர்கள் சொல்லவில்லை, புனிதமாக வாசித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்த்தார்கள்.

எங்கள் குழுவில் மட்டக்களப்பைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பெரியவர் இருக்கிறார். தாதி பேசி முடித்ததும் அந்தப் பெரியவர் சொன்னது, "இதில் என்ன அதிசயம் தம்பி? எங்கட ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்ல வைகாசிச் சடங்குக்கு வழக்குரை படிக்கிறவங்கதானே. கதை கேக்கிறதுதான் பூசை." கண்ணகி கதைப் பாடலைத்தான் வழக்குரை என்கிறார். எனக்கும் உடனே நம் ஊர்த் தீமிதி நினைவுக்கு வந்தது. 1827இல் தோன்றிய சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில், தீபாவளிக்கு முந்தைய நாட்களில் பக்தர்கள் தீ மிதிப்பது திரௌபதிக்காக. அதற்கு முந்தைய மாதங்களில் பாரதக் கதையின் கட்டங்கள் கோயிலில் ஒவ்வொன்றாக நடத்தப்படுகின்றன. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு நடந்து வந்து தீயில் இறங்குகிற ஆள், ஒரு கதைக்குள் நடந்து வருகிறார்.

ஆனால் வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். திரௌபதியையும் கண்ணகியையும் கும்பிடுபவர்கள் யாரோ ஒருவர் கற்பனை செய்து எழுதியவர்களைக் கும்பிடவில்லை. அவர்களுக்கு அவள் அம்மன், இருக்கிறாள், கேட்டால் கொடுப்பாள். கூடவே நிற்க ஊர் இருக்கிறது. இந்தத் தாதிக்கு இருந்தது ஒரு புத்தகமும் ஒரு மரமும்தான்.

குழுவில் கடுமையான எதிர்ப்பும் வந்தது. "நம்மகிட்ட இல்லாததா? திருமந்திரம் இல்லையா, திருவாசகம் இல்லையா? வெள்ளைக்காரி எழுதின மாயாஜாலக் கதைக்கு ஏன் போகணும்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயமான வருத்தம் இருக்கிறது, அதை நான் தள்ளிவிடவில்லை. இதற்குத் தாதி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "தேவாரம் எனக்கு மார்க் வாங்கறதுக்குத்தான் சார் வந்துச்சு. உச்சரிப்புக்கு இத்தனை, பாவனைக்கு இத்தனை. இதை ஒரு நாள் செஞ்சு பாருன்னு யாரும் சொல்லல. இந்தப் புத்தகத்துக்கு யாரும் மார்க் போடல." தமிழ் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் இந்தப் பதிலை விட்டு என்னால் இன்னும் நகர முடியவில்லை. நம் பிள்ளைகளுக்கு நம் பாடல்களை மேடை வழியாகத்தான் அறிமுகப்படுத்துகிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் பாட்டும் இறங்கிவிடுகிறது. ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதோடு இருந்து பார் என்று சொல்லும் பெரியவர்கள் இருந்திருந்தால், இந்தப் பெண் நாவலைத் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை.

அப்பாவின் மரணம்

2023இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மகள் வேலை செய்யும் மருத்துவமனை இல்லை, வேறொன்று. சில நாட்களில், செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா என்று மருத்துவர்கள் குடும்பத்திடம் கேட்கும் நிலை வந்தது. அண்ணன் எதையாவது செய்யுங்கள் என்று அழுதார். அம்மா மகளைப் பார்த்தார். போகிற உயிரைப் போகவிடு என்ற விதி அப்போது அவருக்குக் கைகொடுத்தது. நிதானமாக அண்ணனிடம் பேசினார். அப்பாவின் காதருகில் குனிந்து, ஊரில் பாட்டி அவரைக் கூப்பிட்ட பெயரைச் சொன்னார். மற்றவர்களுக்கு அது ஒரு மகளின் பாசம். அவருக்கு அது தினமும் செய்து பழகிய நோன்பு. இதுவரை எல்லாம் நிலைத்தது.

உடைந்தது அன்று இரவு. எனக்குப் போன் வந்தது.

"சார், அந்த மூணாவது புத்தகத்துல செத்தவங்க இருக்கற ஊர் வருது, தெரியுமா? சுவருக்கு அந்தப் பக்கம். தண்ணி கிடையாது, காத்து கிடையாது. ஒருத்தருக்காக ஒருத்தர் உயிர விட்டவங்ககூட எதிரெதிர்ல வந்தா பேசாம போயிடுவாங்க. அப்பாவும் அங்கதான் போயிருக்காரா?"

எர்த்சீ வரிசையில் 1972இல் வந்த 'த ஃபார்தஸ்ட் ஷோர்' நாவலில் வரும் வறண்ட நிலம் அது. உலக இலக்கியத்தில் மரணத்துக்குப் பிந்தைய உலகைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கொடிய பக்கங்களில் அதுவும் ஒன்று என்பேன். அங்கே நெருப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. யாருக்கும் யார் மீதும் ஒட்டுதல் இல்லை, அவ்வளவுதான். படிக்கும்போது அது கதை என்று தெரிந்திருந்தது. மூன்று வருடம் அந்த உலகத்தின் பெயர்களோடும் விதிகளோடும் வாழ்ந்த பிறகு, துக்கம் வந்த இரவில், வரைபடத்தின் அந்த மூலையும் உயிர் பெற்றுவிட்டது. அது வெறும் கதைதானே என்று அவருக்கே அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்படியானால் பெயரும் கதைதான், மரமும் கதைதான், அப்பாவோடு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகளும் கதைதான் என்று மனசு பதில் சொல்லியிருக்கிறது.

நான் வாதம் செய்யவில்லை. "இப்ப அதை யோசிக்காதம்மா. காரியம் முடியட்டும். அண்ணன் பக்கத்துல நில்லு" என்றேன்.

புளோக்கின் கீழே பந்தல் போட்டார்கள். மலாய்க்கார அண்டை வீட்டுக்காரர் நாற்காலி இறக்கினார். வயதான பெண்கள் நாலைந்து பேர், யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து சிவபுராணம் பாடினார்கள். மண்டாயில் தகனம். அஸ்தியைப் படகில் கொண்டுபோய், செமாக்காவ் தீவுக்குத் தெற்கே அனுமதிக்கப்பட்ட கடல் பகுதியில் கரைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி. இதெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமான வாக்கியம்: "அப்பா எங்க போனார்னு அவங்க யாருமே விளக்கல சார். ஆனா அடுத்து என்ன செய்யணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு."

என் கணிப்பு

நாவலிலிருந்து அவர் எடுத்தவை இரண்டு வகை. ஒன்று, செய்யக்கூடிய செயல். பெயரைச் சரியாகச் சொல்வது, ஒரு மரத்தை அறிவது, பயப்படுகிற திசையில் திரும்பி நிற்பது. இவற்றின் உண்மை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். பெயரைச் சொன்னதும் அந்தத் தியோச்சியூப் பாட்டி மருந்து வாங்கிக்கொண்டார், அதற்கு எர்த்சீ என்ற ஊர் இருக்கத் தேவையில்லை. எழுதியவர் கற்பனையாகவே எழுதியிருந்தாலும் செயலின் பலன் கற்பனை இல்லை. இந்த வகை எதுவும் அப்பாவின் மரணத்தில் உடையவில்லை.

இன்னொன்று, செய்து பார்க்க முடியாத செய்தி. இறந்தவர் எங்கே போகிறார் என்பது அப்படிப்பட்டது. அதை யாராவது சொல்லி நாம் ஏற்க வேண்டும். சமயங்களில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் கண்டவர்கள் என்று நம்பப்படுபவர்கள் இருக்கிறார்கள், தலைமுறைகள் இருக்கின்றன. நாவலுக்குப் பின்னால் நான் இதைக் கற்பனை செய்தேன் என்று முகப்பிலேயே ஒப்புக்கொண்ட ஓர் எழுத்தாளர்தான் இருக்கிறார். அந்தச் செய்தியின் மீது துக்கத்தின் முழுப் பாரத்தையும் வைத்தால் தாங்காது. மூன்று வருடம் செயலையே கடைப்பிடித்தவர், அந்த இரவில்தான் முதல் தடவையாகச் செய்தியின் மேல் சாய்ந்தார்.

மற்றொரு பற்றாக்குறை ஆட்கள். சாவு வீட்டுக்கு ஆட்கள் வேண்டும். தனியாக வாசித்து உருவாக்கிய நோன்புக்குப் பந்தல் போட யாரும் வரமாட்டார்கள். குழுவில் ஒருவர், நாமே இதற்கென்று ஒழுங்காக ஓர் அமைப்பு தொடங்கலாமே என்றார். சிங்கப்பூரின் சங்கங்கள் சட்டத்தில் 10 பேர் சேர்ந்தாலே அது சங்கம், பதிவு வேண்டும், சமயம் தொடர்பானதென்றால் கூடுதல் பரிசீலனையும் உண்டு. அதை யோசிக்கும் முன்பே தாதி வேண்டாம் என்றுவிட்டார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பாட வந்த அந்தப் பெண்களைப் போன்றவர்களைப் பதிவுச் சான்றிதழ் கொண்டுவராது.

சில மாதம் கழித்து இதே வரிசையின் கடைசி நாவலை அவர் படித்தார். 2001இல் வந்த 'த அதர் விண்ட்'. அதில் லெ குவின் தானே அந்தச் சுவரை இடிக்கிறார். வறண்ட நிலத்தில் அடைபட்டிருந்தவர்கள் விடுபட்டு, உலகத்தோடு கரைந்து போகிறார்கள். அந்த நிலமே மனிதர்கள் சாவுக்கு அஞ்சிச் செய்த தவறால் உண்டானது என்றும், மறுபிறப்பை நம்பும் கார்க் நாட்டு மக்கள் அங்கே போவதே இல்லை என்றும் தெரியவருகிறது. பழைய சீனத் தாவோ சிந்தனையில் தோய்ந்து, அதன் மூல நூலான 'தாவோ தே சிங்'குக்கு 1997இல் தன் சொந்த ஆங்கில வடிவத்தையும் வெளியிட்டவர் லெ குவின். 29 வருடம் கழித்துத் தான் படைத்த மறுமையைத் தானே திருத்தினார்.

இது ஆறுதலாக இருந்ததா என்று கேட்டேன். "ஆறுதல் இருக்கு சார். ஆனா அதுமேல சாய மாட்டேன். அவங்க இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தா இதையும் மாத்தியிருப்பாங்க" என்றார். லெ குவின் 2018இல் இறந்துவிட்டார். திருத்தக்கூடியது என்பதுதான் புனைகதையின் நேர்மை. அதை வைத்து நோன்பிருப்பவர்களுக்கு அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு இப்போது தெரிகிறது.

இன்றைய நிலை

பெயரும் மரமும் தொடர்கின்றன. மறுமையைப் பற்றி அவர் எர்த்சீயைக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முடிந்தால் ஈசூனுக்குப் போய் அம்மாவோடு விளக்கு முன் உட்கார்கிறார். சாவு வீட்டில் கேட்ட சிவபுராணத்தை மறுபடி எடுத்திருக்கிறார், இந்தத் தடவை பரிசுக்கு இல்லை. புல்லாகவும் பூடாகவும் புழுவாகவும் மரமாகவும் பிறந்து வந்ததைச் சொல்லும் இடத்தில் வாரக்கணக்கில் நின்றுகொண்டிருக்கிறார். ஓகியன் சொல்லித் தந்த முறையில்தான் மாணிக்கவாசகரை வாசிக்கிறேன் என்கிறார். எதிர்ப்புத் தெரிவித்த குழு உறுப்பினர் இதைக் கேட்டுவிட்டு, அந்த ஆங்கில நாவலை நூலகத்தில் முன்பதிவு செய்தார்.

அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது. இனிமேல் வார்டில் படுக்கையருகே நிற்பது குறையும். பணிப்பட்டியல், பயிற்சி, கூட்டம் என்று மேசை வேலை கூடும். பெயர் நோன்பு படுக்கையருகே பிறந்தது. புதிதாக வரும் தாதிகளுக்கு அதைக் கற்றுக் கொடுக்கலாமா, கொடுத்தால் நாவலைச் சொல்லியா சொல்லாமலா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நாவலைச் சொல்லாமல், செயலை மட்டும் செய்து காட்டச் சொன்னேன். யாராவது இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்போது புத்தகத்தைக் கொடுக்கலாம். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.